செய்தி கரை சேர்ந்ததா? நெருக்கடி நேரத் தகவல் தொடர்பு: ஒரு தொடக்க விளக்கம்

2024 நவம்பர் 20, புதன்கிழமை. ராமேசுவரத்தில் விடியற்காலையில் பிடித்த மழை பிற்பகலுக்குள் 40 சென்டிமீட்டரைத் தாண்டியது. பக்கத்தில் பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர். அந்த நேரத்தில் என் கைப்பேசிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. "அவசரம். வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. வயசான அம்மா தனியா இருக்காங்க. யாராவது வாங்க. எல்லாருக்கும் பகிரவும்."

எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எழுதியது, யாரைக் கூப்பிட வேண்டும், எதுவுமே அதில் இல்லை. மூன்று பேர் எனக்கு அனுப்பினார்கள். நானும் பதறிப்போய் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அதே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. எழுதியவருக்கு அக்கறை இருந்தது, பகிர்ந்த எல்லோருக்கும் அக்கறை இருந்தது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒருவர்கூட ஒரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்க முடியாது. அந்த நாளிலிருந்து இந்த விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை.

நெருக்கடி நேரத் தகவல் தொடர்பு என்று இதற்குப் பெயர். புயல், வெள்ளம், நோய்ப் பரவல், கடலுக்குப் போன படகு திரும்பாதது போன்ற நேரத்தில், மக்கள் முடிவெடுக்கத் தேவையான தகவலைத் தேவையான ஆளுக்கு நேரத்தோடு சேர்ப்பது, சேர்ந்ததா என்று அவரிடமிருந்து பதில் வாங்குவது. இதில் பின்பாதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வலையை வீசிவிட்டு இழுக்காமல் வருவது மாதிரிதான் அது. குழுவில் போட்டாகிவிட்டது, இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

வேலை முடிந்தது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஓர் உதாரணம் தந்தது. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் மையம் நடந்துவந்தது. கடல் நிலவரம், அலை உயரம் போன்றவற்றை அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். உடனே அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் மக்கள் ஓடித் தப்பினார்கள். தொலைபேசி அழைப்பு ஒன்றுதான். அது ஊருக்கே போய்ச் சேர்ந்தது, தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி ஒன்று அங்கே இருந்ததால்.

எந்தக் கடல்?

நம் கரைக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை தொண்டிக்கு வடக்கிலிருந்து சாயல்குடிப் பக்கம் ரோச்மா நகர் வரை 230 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு கடல் இல்லை. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்றில் வடகடல் கலங்கும். கச்சான் என்ற மேல்காற்றும் சோழகம் என்ற தென்காற்றும் அடிக்கும் மாதங்களில் தென்கடல் சீறும். தங்கச்சிமடத்தில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் இன்னொரு கடல்.

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை எப்படி வரும்? "மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." சரியான தகவல்தான். ஆனால் வத்தையில், அதாவது சின்னப் படகில், வலையை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது இப்படிப் போய்ச் சேர வேண்டும்: "நாளை காலையிலிருந்து தென்கடல் போக வேண்டாம். போயிருப்பவர்கள் இன்று இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடவும். இது வானிலை மையம் இன்று மதியம் சொன்னது." சொந்தமாக நாம் எதையும் சேர்க்கவில்லை, யூகிக்கவில்லை. ஊர்ப் பேச்சில் மாற்றினோம், யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதை விடாமல் வைத்துக்கொண்டோம். நெருக்கடி நேரத்தில் ஊருக்குள் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த மாற்றிச் சொல்லும் வேலைதான் என்பேன்.

அலை உயரத்தையும் இப்படி விளக்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் 3 மீட்டர் அலை என்று சொன்னால், அது வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவில் ஓரிரு அலை ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு எழும்பலாம். இதைத் தெரிந்துகொண்டு படிப்பவருக்கு அந்த எண் வேறு மாதிரி கேட்கும்.

புயல் கூண்டும் அப்படியே. "பாம்பனில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்று தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் ஓடினாலே வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பதறிக்கொண்டு அழைப்பார்கள். 1-ஆம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்று பொருள். 2-ஆம் எண், தூரத்தில் புயலே உருவாகிவிட்டது என்பதற்கு. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும் என்று சொல்பவை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதற்கும் மேலே 11-ஆம் எண் ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போனது என்பதற்கான கூண்டு அது. தகவல் வராமல் போவதையே 10-க்கும் மேல் ஓர் அபாயமாக வைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை நினைத்தால் அந்த எண்ணின் அர்த்தம் புரியும். முன்னால் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி அந்த ரயிலுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அது அலைக்குள் போனது.

எந்த வழியாகச் சொல்வது

கைப்பேசி இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலில் அடித்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. அந்தக் குடும்பங்களின் துயரத்துக்குப் பிறகுதான் கடலில் இருப்பவரோடு பேசுவது எப்படி என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்படுகின்றன. கைப்பேசிக் கோபுரமே இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் முடியும். படகுக்குப் படகு பேசும் விஎச்எஃப் கருவியில் 16-ஆவது சேனல் ஆபத்துக்கென்றே உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. அதில் ஊர்க்கதை பேசி அடைத்து வைக்கக் கூடாது.

கரையிலும் ஒரே வழியை நம்பக் கூடாது. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். இணையம் திணறும்போதும் எஸ்எம்எஸ் போகும். 2023-ல் நாடு முழுவதும் கைப்பேசிகள் திடீரென்று அலறினவே, நினைவிருக்கிறதா? அது செல் பிராட்காஸ்ட் என்ற முறைக்கான சோதனை. ஒரு கோபுரத்தின் எல்லையில் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் எண் தெரியாமலே ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகும், நெரிசலில் சிக்காது.

வானொலிக்கு பேட்டரி போதும். பாம்பனில் 2016 முதல் 90.4 பண்பலையில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி ஒலிக்கிறது, மீனவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. மற்ற நாட்களிலும் கடலையும் மீனையும் பற்றி ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொண்டிருக்கும் குரல் ஒன்று, "இன்னைக்கு கடலுக்குப் போகாதீங்க" என்றால் ஆட்கள் நின்று கேட்பார்கள். முன்பின் தெரியாத குரலுக்கு அந்த மதிப்பு புயல் அன்று திடீரென்று கிடைத்துவிடாது.

அப்புறம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணி, அம்மன் கோயில் மைக் செட், ஆட்டோவில் கட்டிய குழாய். கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன், தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். எல்லாம் ஒரே வாசகத்தைச் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வைத்தால் போதும். இரண்டு ஒலிபெருக்கி இரண்டு விதமாகச் சொன்னால் மக்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் சில வீடுகள் விட்டுப்போகும். ஒரு வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் இருக்கும், அதுவும் மகனிடமோ கணவரிடமோ கடலில் இருக்கும். வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்குக் காது மந்தம். சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் பாசி எடுக்க விடியற்காலையிலேயே இறங்கியிருப்பார்கள், இடுப்பளவுத் தண்ணீரில் யார் கைப்பேசி வைத்திருப்பார்கள்? இதற்கு எந்தச் செயலியும் உதவாது. ஐந்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் ஐந்து கதவையும் தட்டி, "சேர்ந்தது" என்று குழுவில் ஒரு சொல் போட வேண்டும். எந்தப் பொறுப்பாளரிடமிருந்து அந்தச் சொல் வரவில்லையோ அந்தத் தெருவுக்கு வேறொருவர் ஓட வேண்டும்.

எழுதுவது எப்படி

அன்று எனக்கு வந்த செய்தி இப்படி வந்திருக்கலாம்:

"நவம்பர் 20, புதன், மதியம் 1.15. பாம்பன், தென்கடல் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீடு. இடுப்பளவு தண்ணீர். நடக்க முடியாத 70 வயது அம்மா ஒருவர். தூக்கி வர இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எண் கீழே. மீட்டதும் இங்கேயே சொல்கிறேன்."

முதலில் தேதியும் நேரமும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை வேறொருவருக்கு அனுப்பும்போது முதலில் எழுதப்பட்ட நேரம் கூடப் போவதில்லை. அதனால் நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுத வேண்டும். இடத்தை ஊர்க்காரர் கண்டுபிடிக்கிற அடையாளத்தோடு சொல்ல வேண்டும். என்ன உதவி, எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். கடைசி வரி எல்லாவற்றையும்விட முக்கியம். உதவி கிடைத்ததும் "மீட்டாச்சு, இனி பகிர வேண்டாம்" என்று முடித்துவைக்க வேண்டும். 2018 கேரள வெள்ளத்தில், மீட்கப்பட்டுவிட்டவர்களுக்கான பழைய வேண்டுகோள்களும் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆளில்லாத வீட்டைத் தேடி ஒரு படகு போனால், ஆளிருக்கும் இன்னொரு வீட்டுக்கு அந்தப் படகு போகவில்லை என்று கணக்கு.

குரல் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அது பெரிய வசதி, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசத் தொடங்கும்போதே பெயர், ஊர், தேதி, மணி சொல்லிவிட வேண்டும். பெயரில்லாமல் பதற்றத்தோடு "கடல் உள்ள வருது, ஓடுங்க" என்று வந்த ஒரு குரலை நம்பி, என் சின்னம்மா வீட்டுத் தெருவே ஒரு ராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியது. கடல் தன் இடத்திலேயே இருந்தது. ஓடியதில் ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

தகவல் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். அதனால் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் பொறுப்பில் இருப்பவர் பேச வேண்டும். "காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் உறுதியாகவில்லை. 6 மணி அறிக்கை வந்ததும் சொல்கிறோம்." இதுவே ஒரு நல்ல செய்தி. சொன்னபடி 6 மணிக்கு வந்து பேசினால் ஊர் காத்திருக்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்த பிறகு நம் மாவட்டக் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுகொண்டிருந்தது. "எப்ப கடக்கும், எப்ப கடக்கும்" என்று எல்லோரும் கேட்ட அந்த மாதிரி நேரத்தில்தான் ஆளுக்கொரு கதை கிளம்புகிறது.

சந்தேகமாக ஒரு காணொளி வந்தால், அதில் இருக்கும் வண்டி எண், கடைப் பெயர்ப் பலகை, பேசும் மொழி, கரையின் வடிவம் ஆகியவற்றைப் பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். பொய் என்று தெரிந்ததும் அதே காணொளியை மறுபடி போட்டு "இது பொய்" என்று எழுதாதீர்கள். பாதிப் பேர் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். உண்மை நிலவரத்தை மட்டும் தனியாக எழுதுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆவது பிரிவின்படி, பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி உண்டாக்கினால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ கிடைக்கும்.

கடலுக்குப் போக டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு கொடுப்பதை நிறுத்துகிற நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தத் துறைக்கு ஆறு கொள்கைகள் வகுத்திருக்கிறது: முந்திச் சொல், சரியாகச் சொல், நம்பிக்கைக்கு உரியவராக இரு, பரிவு காட்டு, செய்ய வேண்டியதைச் சொல், மரியாதை கொடு. எல்லோரும் முதல் இரண்டைத்தான் பேசுகிறார்கள். நம் கரையில் மரியாதைதான் முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. டோக்கன் இல்லாத நாள் ஒரு விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் இல்லாத நாள். "எச்சரிக்கையை மீறினால் கடும் நடவடிக்கை" என்று மட்டும் சொல்லும் செய்தி அவர் காதில் மிரட்டலாக விழுகிறது. "மூன்று நாள் தொழில் போகிறது, கஷ்டம்தான், ஆனாலும் இந்தக் காற்றில் போக வேண்டாம்" என்று தொடங்கினால் அதே ஆள் கேட்பார்.

படகு பிடிபட்ட ராத்திரி

இந்தக் கரையில் நெருக்கடி என்றால் வானிலை மட்டும் இல்லை. எல்லைப் பக்கம் தொழிலுக்குப் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கூடப் போன படகு கரைக்குச் சொல்லும், படகு எண் குழுவில் வரும், அடுத்த நிமிடம் எல்லோர் ஸ்டேட்டஸிலும் அதுதான். பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியை நீட்டி, "மதினி, இது உங்க போட்டு நம்பர்தானே?" என்று கேட்டுத்தான் மனைவிக்குத் தெரியவருகிறது. அடுப்படியில் நிற்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை.

இதற்கு ஊருக்குள் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். எண் வந்ததும் மீனவர் சங்கப் பொறுப்பாளர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். உறுதியானதும் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், ஒரு மூத்த பெண்ணும் கூடவே. அதற்குப் பிறகுதான் குழுவில், அதுவும் எத்தனை பேர், எங்கே வைத்திருக்கிறார்கள், அடுத்து என்ன நடக்கும் என்பது மட்டும். எல்லை தாண்டினார்களா இல்லையா என்று அங்கே வாதாட வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போகப்போகிற விஷயம் அது. பத்திரிகையாளர்களிடம் பேச ஒருவரை நியமித்துவிட்டால், அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை யாரும் நீட்ட வேண்டியிருக்காது. படகு காணாமல் போன நேரத்திலும் இதே வரிசைதான். கூடுதலாக, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களுக்கு உடனே தகவல் போக வேண்டும். கரையில் வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

நிவாரண நாட்களில் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்கையும் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். பணம் கேட்டு வரும் க்யூஆர் குறியீட்டை, கேட்பவரை நேரில் தெரிந்தால் ஒழிய ஸ்கேன் செய்யாதீர்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சேதமான படகைத் தேதியோடும் பதிவெண் தெரியும்படியும் படம் எடுத்து வைப்பது பின்னால் கைகொடுக்கும். தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இதற்கெல்லாம் எப்போது உட்காருவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அதில் ஒரு சாயங்காலம் போதும். "இது சோதனைச் செய்தி" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். கடைசி வீட்டிலிருந்து "சேர்ந்தது" வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். ஒருவர் எண் மாறியிருக்கும், ஒரு பொறுப்பாளர் திருமணமாகி வேறு ஊர் போயிருப்பார், ஒரு வீடு பட்டியலிலேயே இருக்காது. திருத்திவிட்டு, வாடை பிடிப்பதற்கு முன்னால் செப்டம்பரில் இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள். பொறுப்பாளர் பெயர்களும் அவசர எண்களும் இருக்கும் பட்டியலைக் கைப்பேசியில் வைப்பதோடு, பெரிய எழுத்தில் எழுதி மீன் ஏலக்கூடத்துச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள். கோபுரமும் மின்சாரமும் போன ராத்திரியில் டார்ச் அடித்து அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும்.